இடிமழைக் கணிப்பின் தரவைத் திரையில் காண்பது எப்படி?

கேள்வி (ஆய்வு மாணவி, கோலாலம்பூர்):
வணக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலைநேர இடிமழையை முப்பரிமாணத்தில் கணித்து வருகிறேன். ஒவ்வோர் அச்சிலும் 1024 புள்ளிகள் இருப்பதால், ஒற்றைத் துல்லியத்தில்கூட (ஓர் எண்ணுக்கு 4 பைட்), ஒரு மாறிக்கு ஒரு காலப்படிக்கே 4 ஜிகாபைட் ஆகிறது. பாராவியூ (ParaView) என்னும் காட்சிப்படுத்தல் மென்பொருளில் திறந்தால் மடிக்கணினி உறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
கோப்பை மடிக்கணினிக்கு இறக்காதீர்கள், சகோதரி. கணிப்பு ஓடும் கணினித் தொகுதியிலேயே பாராவியூ சேவையகத்தை இயக்கி, வரையும் வேலையையும் அங்கேயே முடித்துக்கொண்டால், உங்கள் திரைக்குப் படம் மட்டுமே வந்து சேரும். மடிக்கணினி, சேவையகம் இரு பக்கமும் பாராவியூ ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மறுமொழி 2:
வட்டில் எழுதுவதே நெருக்கடியானால், பாராவியூவின் கேட்டலிஸ்ட் (Catalyst) என்னும் நிரல் நூலகம் வழியாகக் கணிப்பு ஓடும்போதே முகிலின் சமமதிப்புப் பரப்பை (ஒரே மதிப்புள்ள புள்ளிகளை இணைக்கும் பரப்பை) எடுத்துவிடலாம். ஆனால் எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். விடுபட்டதைப் பெற மறுபடியும் கணிக்கத்தான் வேண்டும். மதிப்புகளுக்கு நிறம் கொடுக்கும்போது வானவில் வண்ணவரிசையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்: அது இல்லாத விளிம்புகளை இருப்பதுபோல் காட்டும்.