தண்ணீர் ‘ரன் அவுட்’ என்றால் குளம் வழிந்ததா, வற்றியதா?

வாய்க்கால்கரை:
வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னக் குளத்தின் கமக்காரர் அமைப்புக்கு நான் செயலாளர். என் இங்கிலீஷ் ஓஎல் சோதனையோடு நின்றுவிட்டது.

இந்த மார்கழி மூன்று நாள் விடாத மழை. குளம் நிரம்பி வான் பாய்ந்து, வாய்க்கால் கரைக்கட்டும் அரிபட்டுப் போய்விட்டது. குடலைப் பருவத்துப் பயிர் தண்ணீருக்குள். கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் உதவி செய்வார்கள். ஆனால் இப்போது அங்கே பொறுப்பில் இருப்பது பிள்ளைகள், இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். அகராதியைப் பார்த்து எழுதினேன்: ‘த வாட்டர் இன் அவர் டாங்க் ஹாஸ் ரன் அவுட்.’ ரன் என்றால் ஓடு, அவுட் என்றால் வெளியே. சரிதானே?

நேற்று முன்தினம் போன் வந்தது. “அண்ணை, மார்கழியிலேயே வற்றிப்போச்சோ? எத்தனை பவுசர் தண்ணி வேணும்?” நான் அப்போது முழங்கால் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ‘ரன்’னுக்கு எத்தனை அர்த்தம்? வேறு எங்கெல்லாம் காலை வாரும்?

பழைய வெண்கட்டி:
தம்பி, கிளிநொச்சியில் முப்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். உம்மில் பிழையில்லை, அந்த ‘அவுட்’தான் ஏமாற்றியிருக்கிறது. அங்கே அதற்கு வெளியே என்று பொருளில்லை, முழுக்கத் தீர்ந்தது என்று பொருள். எங்களிடமும் இதே வேலை உண்டு. “அரிசி முடிந்து போச்சு” என்கிறோமே, அரிசி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. எங்கள் ‘போ’ செய்கிற வேலையை அவர்களின் ‘அவுட்’ செய்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் செல் அவுட் (விற்றுத் தீர்வது), பேர்ன் அவுட் (எரிந்து தீர்வது) எல்லாம் தானாக விளங்கும்.

வான் பாய்வதற்கு ‘ஸ்பில்’ என்று எழுதும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளையும் இங்கிலீஷ் செய்திகளில் ‘ஸ்பில் கேட்’ என்றுதான் போடுவார்கள். ‘ரன் ஓவர்’ என்றாலும் வழிதல் என்று ஒரு பொருள் உண்டு, ஆனால் வேண்டாம். யாரையோ வாகனம் ஏறிவிட்டது என்று பதறுவார்கள்.

எத்தனை அர்த்தம் என்று கேட்டீர். ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செற்’ என்ற சொல்தான் முன்னுக்கு நின்றது, 430 பொருள். பிறகு பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ‘ரன்’னுக்குள் இறங்கி ஒன்பது மாதம் கிடந்தார். வினைச்சொல்லுக்கு மட்டும் 645 வந்தது. பாடமாக்கப் போகாதேயும்!

எங்கள் ‘ஓடு’வில் இருந்து தொடங்கினால் பாதித் தூரம் சும்மா போய்விடலாம். மணிக்கூடு ஓடுகிறது, படம் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் மட்டும் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் ரன் பொருந்தும். வெள்ளோட்டம்கூட அவர்களிடம் ‘ட்ரையல் ரன்’தான்.

பிரிகிற இடங்கள்தான் கவனம். நாங்கள் கார் ஓடுவோம், அவர்கள் ‘டிரைவ்’ பண்ணுவார்கள். ‘ஐ கான்ட் ரன் அ கார்’ என்று நீர் எழுதினால் ஓடத் தெரியாது என்று எடுக்க மாட்டார்கள், கார் வைத்துக் கட்டியாள வசதியில்லை என்றுதான் எடுப்பார்கள். கடையை நாங்கள் நடத்துகிறோம், அவர்களுக்கு அதுவும் ரன். காலப்போக்கில் என்று நாங்கள் ஆறுதலாக நடக்கிற இடத்தில் ‘இன் த லோங் ரன்’ என்று ஓடுவார்கள். தேர்தலில் மட்டும் ஒரு விசேஷம்: நாங்களும் நிற்கிறோம், பிரிட்டிஷ்காரரும் நிற்கிறார்கள், ‘ஸ்டாண்ட்’. அமெரிக்கர் ஓடுகிறார்கள். (நின்றவர்கள் வென்றபிறகு ஊர்ப்பக்கம் வராமல் ஓடுவது வேறு கதை.)

மல்லாவிப் பிள்ளை:
நான் தாதி. முதல் வருடம் வெளிநாட்டு டொக்டர் ஒருவர் வந்திருந்தார். ஒரு பிள்ளையைக் காட்டி ‘ஷீ இஸ் ரன்னிங் அ டெம்பரேச்சர்’ என்றார். திரும்பிப் பார்த்தேன், பிள்ளை கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள். காய்ச்சல் காய்கிறதாம்! மூக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஓடும், அதில் பயமில்லை. ஆனால் வயிற்றால் போகிறது என்று நாங்கள் சொல்வதை அவர்கள் பகிடியாக ‘த ரன்ஸ்’ என்பார்கள். கிரிக்கெட் என்று நினைத்துவிடாதேயுங்கோ. சீனி வருத்தம் பரம்பரையில் இருந்தால் ‘ரன்ஸ் இன் த ஃபமிலி’. இது ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கும்.

மாங்குளத்தான்:
ஐயா இவ்வளவு விளக்கம் தந்திருக்கத் தேவையில்லை. 2022இல் டீசல் தட்டுப்பாட்டு நேரம் பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷினுக்கு டீசல் கான் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற எல்லாருக்கும் ‘ரன் அவுட்’ விளங்கும். செயலாளர் அண்ணை அந்த நேரம் எங்கே நின்றவர்?

வாய்க்கால்கரை:
வரிசையில்தான் தம்பி, உமக்குப் பின்னால் நின்றிருப்பேன். ஆனால் அங்கே யாரும் இங்கிலீஷில் பேசவில்லை, பேசினது எதையும் இங்கே எழுதவும் ஏலாது.

சேருக்கும் தங்கச்சிக்கும் நன்றி. ‘போச்சு’க் கதை நல்லாய்ப் பிடிபட்டது. இன்று திரும்ப எழுதினேன். ஒரே ஒரு வரி இங்கிலீஷ்: ‘த டாங்க் இஸ் ஸ்பில்லிங்.’ மிச்சத்துக்கு உடைந்த வாய்க்கால் கட்டின் மேல் நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற படம். பவுசருக்குச் சேர்த்த காசைக் கட்டுக்குத் திருப்பலாம் என்று இரவே பதில் வந்துவிட்டது.