ஈக்கடியால் இறைச்சி மாடுகளின் வளர்ச்சி குன்றுமா?

தேக்காவாசி:
வணக்கம். குவீன்ஸ்லாந்தில் இறைச்சி மாடு வளர்க்கும் என் மைத்துனரைப் பார்த்துவிட்டுச் சென்ற வாரம்தான் சிங்கப்பூர் திரும்பினேன். அங்கே மாடுகளின் திமிலிலும் முதுகிலும் சிறிய ஈக்கள் கறுப்பாக அப்பியிருந்ததையும், மாடுகள் மேய்ச்சலை விட்டு ஓயாமல் தலையை வீசிக்கொண்டிருந்ததையும் கண்டு மனம் கலங்கியது. இதனால் அவற்றின் வளர்ச்சி குன்றுமா?

ஈசூன் வாசகர்:
குன்றும் ஐயா. நீங்கள் கண்டது எருமை ஈயாக இருக்கலாம். 1838இல் தைமோரிலிருந்து வந்த எருமைகளுடன் வட ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்த இனம் அது. ஆண், பெண் இரண்டுமே நாளொன்றுக்குப் பலமுறை இரத்தம் உறிஞ்சுகின்றன. ஆயினும் இழந்த இரத்தத்தைவிட, விரட்டுவதில் வீணாகும் ஆற்றலும் குறைந்துபோகும் மேய்ச்சல் நேரமுமே எடை கூடுவதைப் பெரிதும் தடுக்கின்றன என்பது என் கருத்து. ஒரு மாட்டில் ஏறத்தாழ 200 ஈக்களைத் தாண்டினால் மருந்திடுவது வழக்கம். கண்ணோரப் புண்களையும் பாருங்கள். இந்த ஈ பரப்பும் நுண்புழுவுக்கும் அவற்றில் பங்குண்டு.

பாசிர் ரிஸ் வாசகி:
ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த ஈ புதுச் சாணத்தில் மட்டுமே முட்டையிடுவதால், சாணத்தை விரைவில் சிதைத்துப் புதைக்கும் சாணவண்டுகள் பெருந்துணை. ஒரே மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஈக்கள் அதைத் தாங்கப் பழகிவிடும்; மருந்து வகையை மாற்றச் சொல்லுங்கள், அண்ணா.

தேக்காவாசி:
மிக்க நன்றி. கண்ணோரப் புண்கள் சில மாடுகளுக்கு இருந்தன. இன்றிரவே மைத்துனரிடம் பேசுகிறேன்.