வழிநூலா, களவா? ஒரு மாணவர் குறும்படத்தை முன்வைத்து

கேள்வி: கும்பகோணத்து ஆசிரியர்

நண்பர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர் குறும்படப் போட்டிக்கு நடுவராகவும் இருக்கிறேன். இந்த ஆண்டு வந்த படங்களில் ஒன்று, கடைமடைக் கிராமத்து ரயில் நிலையத்தில் நாள்தோறும் மகனின் வரவுக்காகக் காத்திருக்கும் முதியவரைப் பற்றியது. ஒளிப்பதிவும் நடிப்பும் நன்றாகவே இருந்தன. ஆனால் பங்குனி வெயிலில், அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலை ஒட்டிய நடைமேடையில், அந்த முதியவர் முழங்கால் வரை கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். விசாரித்தபோதுதான், பனி பொழியும் ஐரோப்பிய நாடொன்றில் எடுத்த படத்தைக் காட்சிக்குக் காட்சி பின்பற்றியிருப்பது தெரிந்தது. அங்கே மேலங்கி, இங்கே கம்பளி.

மதிப்பெண்ணைக் குறைத்தேன். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'யோஜிம்போ'வைத்தானே மூன்றே ஆண்டுகளில் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே கௌபாய் படமாக்கினார், அவரை மட்டும் மேதை என்கிறீர்களே என்று அந்த மாணவர் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என்று பிரிக்கிறார்; முன்னோர் முடிபை ஏற்று, பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்வது வழிநூல். நம் தேரழுந்தூர்க் கம்பர் செய்தது அதைத்தான். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகவைக்கிறார். அதை யாரும் களவு என்பதில்லை. அப்படியானால் திரைப்படத்தில் எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

பதில் 1: தஞ்சாவூர் வழக்குரைஞர்

ஐயா, உங்கள் மாணவர் சொன்ன உதாரணத்தில் பாதிதான் இருக்கிறது. 1964இல் வந்த லியோனேயின் படம் அனுமதி பெறாமல் எடுக்கப்பட்டது. 'யோஜிம்போ'வைத் தயாரித்த ஜப்பானின் டோஹோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கடைசியில் உலக வசூலில் 15 விழுக்காட்டைக் குரோசாவா தரப்புக்குக் கொடுக்கும்படி சமரசமாயிற்று. மேதைமையும் கடனும் ஒரே படத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு 1978ஆம் ஆண்டின் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கே அடிப்படை. தம் நாடகத்திலிருந்து 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு நாடகாசிரியர் தொடுத்த வழக்கு அது. இரண்டிலும் பஞ்சாபிக் குடும்பமும் தென்னாட்டுக் குடும்பமும் வருகின்றன, இரண்டிலும் காதல், இரண்டிலும் மாகாண வெறுப்பு. ஆயினும் கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று கூறி, உச்ச நீதிமன்றம் நாடகாசிரியரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இரண்டையும் பார்த்த ஒருவருக்குப் பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயத்துக்கு இடமின்றி எழுகிறதா என்பதே அளவுகோல். உங்கள் கம்பளி அந்த எண்ணத்தை எழுப்பியே தீரும்.

பதில் 2: சுவாமிமலையிலிருந்து

எங்கள் குடும்பம் திருமேனி வார்க்கும் குடும்பம். பெரியப்பா வேலை தொடங்கும்போது, செய்ய வேண்டிய உருவத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தலை, மார்பு, இடை, கால் என்று அளவு பிரிப்பார். அந்த அளவு அவர் கண்டுபிடித்ததன்று. எல்லாப் பட்டறைக்கும் பொது. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலை அப்பிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறோம். ஆறிய பிறகு அந்த மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே நடராசர் ஒருவரே என்றாலும் முகம் ஒவ்வொன்றும் வேறு.

முடிந்த சிலையின்மேல் அச்செடுத்து வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வார்த்தால் விரல் நுனியும் இமைக்கோடும் மழுங்கிவிடும். பார்த்த மாத்திரத்தில் பெரியப்பா சொல்லிவிடுவார். அந்த மாணவர் ஓலையை எடுத்துக்கொள்ளாமல் அச்சை எடுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில் 3: பாபநாசத்திலிருந்து

வழக்குரைஞர் சொன்னது சரியே. ஆனால் பணம் கொடுத்து உரிமை வாங்கிவிட்டால் மட்டும் படத்துக்கு உயிர் வந்துவிடாது. தொலைக்காட்சியைப் பாருங்கள்: 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' 2017இல் முறையான உரிமத்தோடு தமிழுக்கு வந்தது. வீடும் கேமராவும் வெளியேற்றமும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சமையலறைச் சண்டையும் உறவு சொல்லி அழைப்பதும்தான் நம்முடையவை.

எனக்குப் பிடித்த உதாரணம் 'த்ரிஷ்யம்'. குடும்பத்தார் கையால் நேர்ந்த கொலையைத் தந்தை மறைக்கும் கதை அது. 2013இல் மலையாளத்தில் இடுக்கி மலைப்பகுதியில் நடந்த அந்தக் கதை, 2015இல் அதே இயக்குநரின் கையில் நெல்லைத் தமிழ் பேசும் 'பாபநாசம்' ஆயிற்று. (அது எங்கள் ஊரன்று, தாமிரபரணிக் கரையில் இருப்பது.) அதே கதை 2019இல் சீனாவுக்குப் போனபோது, களத்தைத் தாய்லாந்தில் வைத்தார்கள், முடிவையும் மாற்றி, தந்தை தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டு சரணடையும்படி செய்தார்கள். மலையாளத்திலும் தமிழிலும் அவர் தப்பித்துவிடுகிறார். ஆசிரியர் ஐயா சொன்ன இலக்கணப்படி பார்த்தால், முடிபே ஒத்துவராத அந்தச் சீனப்படத்தை வழிநூல் என்பதா, சார்புநூல் என்பதா? இதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். படத்தின் நாயகன் கேபிள் டிவிக்காரன், பார்த்த படங்களிலிருந்து கற்றதைக் கொண்டே தன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான் என்பதும் இந்தப் பேச்சுக்குப் பொருத்தமானதே.

கேட்டவர் மீண்டும்:

சார்புநூல் என்பேன். முன்னதோடு சிறிதே ஒத்து, மிகுதியும் வேறுபடுவது அதுதான். முடிவு மாறியதும் அந்தத் தந்தையும் வேறு மனிதராகிவிடுகிறார்.

நேற்று அந்த மாணவரைக் கூப்பிட்டு, கம்பளி எதற்கு என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் தாத்தா வெயிலுக்கு ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருப்பார் என்றும், மேட்டூர் திறந்து எத்தனை நாளாயிற்று என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்பார் என்றும் சொன்னார். மூலப்படத்தின் பெயரைத் தலைப்பு அட்டையிலேயே போட்டுவிட்டு, ரயில் நிலையத்தை விட்டுக் கொட்டகைக்கு வந்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனி மாதம்வரை அவகாசம் கேட்டிருக்கிறார், வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டுமாம்.