சைப்ரஸ் மலை ஊர்கள்: சாவி யார்கிட்ட இருக்கு?

சைப்ரஸ் போகிறவர்கள் பெரும்பாலும் லிமசோல், பாஃபோஸ் என்று கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். எங்களுக்கு வாய்த்தது ஐந்து நாள். அதில் மூன்றை த்ரோதோஸ் மலைக்கு ஒதுக்கினோம். வண்டி ஓட்டப் பயப்பட வேண்டாம். 1878 முதல் 1960 வரை வெள்ளைக்காரன் கையில் இருந்த தீவு, நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம்தான். வாடகைக் காருக்கு மட்டும் சிவப்பு நம்பர் பிளேட். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையா பயமா தெரியவில்லை.

மரத்தாசா பள்ளத்தாக்கில் கலோபனயோத்திஸ், முத்துல்லாஸ், பெதுலாஸ் என்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றிலுமே சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய பழைய தேவாலயம் உண்டு. த்ரோதோஸில் இப்படிப் பத்துக் கோயில்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். முத்துல்லாஸில் இருப்பது 1280இல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் வைக்கோல் போட்டுவைக்கிற கொட்டகைதான். ஓட்டுக்கூரை செங்குத்தாக இறங்கி, கிட்டத்தட்ட கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கிறது. குளிர்காலத்தில் பனி தங்காமல் வழுக்கி விழுவதற்காக அப்படி. "இதுக்கா இவ்வளவு வளைவு ஏறி வந்தோம்?" என்று என் மனைவி கேட்டாள். கதவிலோ பூட்டு.

காபிக் கடையில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனில் பார்த்துவைத்திருந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "க்ளிதி?" சாவி. ஒருவர் வாயைத் திறக்காமல் மேலே ஒரு வீட்டைக் காட்டினார். கதவைத் தட்டினால் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, இரு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஜன்னல் வழியாக டிவி சத்தம். யாரோ ஒருத்தி அழுகிறாள், பின்னணியில் வயலின். சீரியல்! அது முடிகிறவரை திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எங்க அம்மாவும் அந்த நேரத்தில் சாமியே வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

கதவு திறந்ததும் இரண்டு நிமிடம் எதுவும் தெரியவில்லை. வெயிலிலிருந்து போன கண் பழக வேண்டும். அப்புறம் சுவர் மெல்ல மெல்ல ஆளாக மாறியது. குதிரை மேல் புனிதர்கள், அகன்ற கண்கள். வடக்குச் சுவரில் கோயிலைக் கட்டிய இயோனிஸும் அவர் மனைவி இரினியும். கோயிலையே ஒரு பொம்மை மாதிரி செய்து கையில் ஏந்தி நிற்கிறார்கள். நம்ம ஊர்க் கோயில் தூண்களில் கைகூப்பி நிற்கும் நாயக்கர்களைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

படம் எடுக்கக் கூடாது. பாட்டி ஒரு துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்கிக்கொண்டே எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். குழந்தை எத்தனை என்று சைகையில் கேட்டார். ஒன்று என்றதும் முகம் சுருங்கியது. தன் நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். திரும்பும்போது தட்டில் கறுப்பாக ஏதோ உருண்டை, பக்கத்தில் தண்ணீர். பச்சை வால்நட்டை முழுசாகப் பாகில் ஊறவைத்த இனிப்பு. முதல் கடி கசக்கும், விடாதீர்கள்.

பத்து யூரோ நீட்டினேன். வாங்கவில்லை. உண்டியலைக் காட்டினார்.

* * *

அங்கே நமக்கு என்ன கிடைக்கும் என்று சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டிருந்தீர்கள். மலை ஊர்களில் "நிஸ்தீசிமோ" என்று கேளுங்கள். விரத நாள் சாப்பாடு என்று பொருள். கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் ஆக்டோபஸும் இறாலும் அவர்கள் கணக்கில் விரதத்துக்கு ஆகும்! அதனால் தட்டை ஒருமுறை கிளறிப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு ஆச்சரியம் கொலொகாசி. நம்ம சேப்பங்கிழங்கேதான், ஆனால் தேங்காய் அளவுக்கு. ககோபெத்ரியா என்ற மலை ஊரில் நாங்கள் தங்கிய வீட்டம்மா அதைச் சமைப்பதைப் பார்த்தேன். தோல் சீவியபின் கழுவவே மாட்டார்களாம், துணியால் துடைப்பதோடு சரி. கத்தியை லேசாக இறக்கி, மீதியைப் படக்கென்று உடைத்து எடுக்கிறார். முழுசாக வெட்டினால் கொழகொழத்துவிடும் என்றார். நான் புளி சேர்ப்போம் என்றேன். அவர் எலுமிச்சை என்றார். இருவரும் ஒரே எதிரியோடு மல்லுக்கட்டுகிறோம் என்று புரிந்ததும், மொழி தெரியாமலேயே அரை மணி நேரம் பேசினோம். வழக்கமாகப் பன்றிக்கறியோடு செய்வார்கள். எனக்காகத் தக்காளியும் செலரியும் போட்டு இறக்கிக் கொடுத்தார்.

* * *

லெஃப்காராவில் நான் ஏமாந்த கதை. மேல் லெஃப்காரா, கீழ் லெஃப்காரா என்று இரண்டு ஊர். லினன் துணியில் நூலை உருவி, பின்னிச் செய்யும் வேலைப்பாட்டுக்குப் பேர்போனவை. 2009இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. லியொனார்தோ தா வின்சி 1481இல் இங்கே வந்து மிலான் பேராலயத்துக்கு ஒரு துணி வாங்கிப் போனதாகக் கடைக்குக் கடை சொல்வார்கள். கதைதான். சொல்கிற ஆளைப் பொறுத்து விலையும் ஏறும்.

முதல் கடையிலேயே ஒரு மேசை விரிப்பு வாங்கிவிட்டேன். நல்ல விலை. அதைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த சந்தில் நடந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு ஓர் அம்மா தைத்துக்கொண்டிருந்தார். பை திறந்திருந்தது. கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் பார்க்கவே இல்லை, நேராகப் புரட்டினார். பின்னால் முடிச்சும் வெட்டிய நூலுமாக இருந்தது. பிறகு தன் மடியில் இருந்ததைப் புரட்டிக் காட்டினார். எது முன், எது பின் என்று எனக்குத் தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவையைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கியிருப்பேனா? ஊர் மாறினதும் புத்தியும் மாறிவிடுகிறது.

அவரிடம் வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன். உள்ளங்கை அளவுத் துண்டு, ஆற்று வளைவு மாதிரி ஓடும் கோலம். அதற்கு "பொதாமோஸ்" என்று பெயர், ஆறு. முன்னே அந்த ஊர்ப் பெண்கள் தைக்க, ஆண்கள் மூட்டை கட்டி ஐரோப்பா முழுக்கப் போய் விற்றார்களாம். வீடுகள் அத்தனை பெரிதாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

* * *

உங்கட பதிவை வாசிச்சிட்டு லண்டனில இருந்து எழுதிறன், ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. நீங்கள் சாவி எண்டுறதை நாங்கள் திறப்பு எண்டுதான் சொல்லுவம். அதால தலைப்பைப் பார்த்தவுடன எழுத வேணும் போல இருந்தது.

பாஃபோஸ் மலைப்பக்கம் வ்ரெச்சா எண்டொரு ஊர். துருக்கிய சைப்ரஸ் ஆக்கள் இருந்த இடம், இப்ப வெறும் ஊர். கல்லு வீடுகள், கூரை இல்லை, உள்ளுக்க அத்திமரம் முளைச்சுக் கிடக்கு. 1974இல தீவு ரெண்டாப் பிரிஞ்ச பிறகு தெற்கில இருந்த துருக்கியர் வடக்குக்கும், வடக்கில இருந்த கிரேக்கர் தெற்குக்கும் போனவை. 2003 ஏப்ரலிலதான் முதன்முதலாகக் கடக்கப் பாதை திறந்தது. அண்டைக்கு ரெண்டு பக்கத்துச் சனமும் வரிசையில நிண்டதாம், தங்கட வீட்டைப் பார்க்க.

நாங்கள் போன அண்டு இன்னொரு காரும் நிண்டது. வயசான ஐயா ஒராள், கூட ஒரு பொடியன், பேரன் போல. பொடியன் ஆங்கிலம் கதைச்சான். தாத்தா இந்த ஊர்தான், வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தவர் எண்டான். ஐயா ஒரு சுவருக்குப் பக்கத்தில நிண்டு, காலால ஒரு கோடு கீறினார். இது அடுப்படி. இன்னொரு கோடு. இது ஆட்டுக்கொட்டில். பொடியன் தலையாட்டினான், ஆனா கண் போனிலதான். நான் அந்த வயசில அப்படித்தான் இருந்தனான்.

எங்கட ஆக்களும் 1990இல சண்டை நேரம் வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டவை எண்டு சொன்னன். அவன் துருக்கியில சொல்ல, ஐயா ஒண்டே ஒண்டுதான் கேட்டவர்: "கிணறு இருந்ததோ?"

ஓம் எண்டன். அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கட ஊர்த் தண்ணி வாற இடத்தைக் காட்டினார். பத்தை மண்டிக் கிடந்தது. தடியால விலத்திப் பார்த்தார், ஈரம் இருந்தது. அதோட திரும்பிக் காருக்குப் போயிட்டார்.

* * *

அக்கா, உங்க வீட்டை அப்புறம் பார்க்க முடிஞ்சுதா? (முதலில் எழுதியவன்தான்.) அடுத்த தடவை வ்ரெச்சாவும் போகலாம்னு இருக்கோம், சின்ன கார் போகுமா?

* * *

ஆமி பிடிச்சு வைச்சிருந்த மயிலிட்டித் துறைமுகப் பக்கத்தை 2017இல விட்டவை தம்பி. அடுத்த வருசம் போனனாங்கள். கிணறு கிடக்கு. கதவும் இல்லை, நிலையும் இல்லை. திறப்பு அம்மாட்டத்தான் இருக்கு, தையல் பெட்டிக்குள்ள.

சின்னக் கார் கொண்டு போகாதேங்கோ. கடைசித் துண்டு மண் பாதை, மழைக்குச் சறுக்கும். வாடகைக் காரெண்டால் மண் பாதையில ஏதும் நடந்தால் காப்புறுதி இருக்கோ எண்டு முதலே கேளுங்கோ. தண்ணிப் போத்தலும் கொண்டு போங்கோ, அங்க காபிக் கடை இல்லை.