ஸாகோரி, சிறு சிக்லாடிஸ் தீவுகள்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் நடுவில் கிரீஸ் பயணம். சாண்டோரினி, மைகோனோஸ் இரண்டும் வேண்டாம். ஏதென்ஸிலிருந்து இயோனினா நகரம், அங்கிருந்து ஸாகோரி மலைப்பகுதியின் கல்வீட்டுக் கிராமங்களில் 4 இரவு (பாபிங்கோ அல்லது மோனோதெந்த்ரி). பிறகு ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் கப்பலேறி நக்சோஸ், இராக்லியா, அமோர்கோஸ் தீவுகள்.

ஸாகோரிக்குப் பேருந்து வாரத்தில் சில நாள்தான் என்பதால் இயோனினாவில் கார் எடுக்கிறோம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் அங்கே எளிதில் கிடைக்குமா? டயர், அடிப்பாகச் சேதம் பெரும்பாலும் காப்பீட்டில் வராது. அந்தக் கல்பாவிய சந்துகளில் அதுதான் முதலில் அடிபடும். ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நடைமுறையா?

பெரிய கவலை கப்பல். நக்சோஸிலிருந்து இராக்லியா வழியாக அமோர்கோஸ் போகும் ஸ்கோபெலிடிஸ் சிறிய கப்பல். மெல்தெமி வடகாற்று ஆகஸ்டோடு தணியத் தொடங்கினாலும், காற்று வலுத்தால் பெரிய கப்பலுக்கு முன்பே இதன் பயணம்தான் ரத்தாகும். அதனால் விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸில் வைத்திருக்கிறோம். ஒரு நாள் இடைவெளி போதுமா, இரண்டு வேண்டுமா? கடைசித் தீவிலிருந்து பிரேயஸுக்கு நேராக வரும் பெரிய கப்பலைப் பிடிப்பதே புத்திசாலித்தனம் என்று படுகிறது.

இன்னொன்று: முட்டை சாப்பிடாதவர் ஒருவர் உண்டு. ஸாகோரியின் அலெவ்ரோபிதாவில் (மாவும் சீஸும் சேர்த்துச் சுடும் பண்டம்) முட்டை சேரும். கிகாந்தெஸ் (பெரிய வெள்ளை பீன்ஸ்), ஃபாவா (பருப்பு மசியல்), பிரியாம் (அடுப்பில் சுட்ட காய்கறிகள்) தவிர மலையூர்களில் வேறென்ன கேட்கலாம்?