பங்க் பலகையில் தெரியும் விலையும் மாதக் கடைசியில் ஆகும் செலவும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோரும் கேட்பது இது: "கலிஃபோர்னியாவில் பெட்ரோல் கேலன் நாலரை டாலராமே, டெக்ஸாஸில் மூன்றுகூட இல்லையாமே, எங்கே போகலாம்?" கேள்வி நியாயமானதுதான். 2025இல் பெரும்பாலான மாதங்களில் கலிஃபோர்னியாவின் சராசரி நாலரை டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது. டெக்ஸாஸில் மூன்று டாலருக்குக் கீழே. ஒரு கேலன் என்பது 3.785 லிட்டர். அப்படிப் பார்த்தால் கலிஃபோர்னியாக்காரர் ஏறத்தாழ சென்னை விலையைக் கொடுத்தார், டெக்ஸாஸ்காரர் அதைவிட வெகு குறைவாகக் கொடுத்தார்.

ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து மட்டும் ஊரை முடிவு செய்யாதீர்கள். பெட்ரோல் செலவு என்பது விலை, ஓட்டும் தூரம், காரின் மைலேஜ் மூன்றும் சேர்ந்தது. பலகையில் தெரிவது முதலாவது மட்டும்.

கணக்கு போட்டே பார்ப்போம். கலிஃபோர்னியா 4.60, டெக்ஸாஸ் 2.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் இரண்டு இடத்திலும் கேலனுக்கு 25 மைல் கொடுப்பது. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் வீடு, பக்கத்து ஊரான சாண்டா கிளாராவில் அலுவலகம் என்றால் ஒரு வழிக்கு 6 மைல். மாதம் 20 நாள் போய்வர 240 மைல். கடை, கோயில், நண்பர் வீடு எல்லாம் சேர்த்து 600 மைல். 24 கேலன், ஏறத்தாழ 110 டாலர். டல்லஸ் பக்கம் நம்மவர்கள் அதிகம் குடியேறும் ஃபிரிஸ்கோவில் வீடு, டல்லஸ் டவுன்டவுனில் அலுவலகம் என்றால் ஒரு வழியே 28 மைல் போல வரும். அலுவலகத்துக்கு மட்டும் 1,120 மைல். அங்கே கடைகளும் தூரம் தூரமாக இருப்பதால் மொத்தம் 1,400 மைல் என்று வையுங்கள். 56 கேலன், 157 டாலர். விலை மலிவான ஊரில்தான் செலவு அதிகம். இதில் டல்லஸ் நார்த் டோல்வே, 121 என்று டோல் சாலைகளுக்குக் கட்டும் பணம் சேரவில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் அந்தப் புறநகர்களில் இரண்டு கார் இல்லாமல் முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு கலிஃபோர்னியா மலிவு என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வாடகைக்குப் பயந்து டிரேசியிலோ மவுன்டன் ஹவுஸிலோ வீடு எடுத்து, தினமும் ஆல்டமான்ட் மேட்டைத் தாண்டி சான் ஹோசே போகிறவருக்கு ஒரு வழி 50 மைலுக்குக் குறையாது. கடை, கோயில் எல்லாம் சேர்த்து மாதம் 2,400 மைல், 96 கேலன், 440 டாலர். அதிக விலையும் நீண்ட தூரமும் ஒன்றாகச் சேரும் இடம் அது. அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் சான் ஹோசே போகும் ஏஸ் ரயிலின் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்தே பாருங்கள். இதற்கு நேரெதிர் ஜெர்சி சிட்டி. பாத் ரயிலில் மன்ஹாட்டன் போகிறவருக்கு முதல் வருடம் காரே தேவைப்படாமல் போகலாம்.

விலையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் காரைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது, அதுவும் வந்த புதிதில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டினால், கேலனுக்கு 25 மைல் கொடுக்கும் காருக்கு டெக்ஸாஸில் 1,344 டாலர் ஆகும். கேலனுக்கு 50 மைல் கொடுக்கும் கொரோலா ஹைப்ரிட் போன்ற கார் இருந்தால் கலிஃபோர்னியாவில் 1,104 டாலர்தான். கார் சரியாக அமைந்தால் மாநில வித்தியாசம் முழுவதையும் அது விழுங்கிவிடும்.

குழந்தைகள் இருக்கிறார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள் என்று மினிவேன் வாங்கும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். நம்மவர் வீட்டு வாசலில் நிற்பது பெரும்பாலும் ஹோண்டா ஒடிசி, இல்லையென்றால் டொயோட்டா சியன்னா. ஒடிசி நகரம், நெடுஞ்சாலை சேர்த்து 22 மைல் கொடுக்கும். 2021 மாடலிலிருந்து சியன்னா ஹைப்ரிட்டாக மட்டுமே வருகிறது. முன்சக்கரங்களை மட்டும் இயக்கும் மாடல் 36 மைல். 12,000 மைலுக்கு இரண்டுக்கும் 212 கேலன் வித்தியாசம். கலிஃபோர்னியாவில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 975 டாலர், டெக்ஸாஸில் 590. ஆக, சியன்னாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை கலிஃபோர்னியாவில் விரைவாகத் திரும்பிவிடும், டெக்ஸாஸில் நிதானமாகத் திரும்பும். ஒரே காரை இரண்டு ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரே மாதிரி சிபாரிசு செய்வது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, ஏன் இத்தனை வித்தியாசம்? "எல்லாம் வரி" என்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. மத்திய அரசின் வரி எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான்: கேலனுக்கு 18.4 சென்ட். 1993க்குப் பிறகு அது மாறவே இல்லை. டெக்ஸாஸின் மாநில வரி 20 சென்ட், அதுவும் 1991லிருந்து அப்படியே நிற்கிறது. கலிஃபோர்னியா பணவீக்கத்தோடு சேர்த்து ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் ஏற்றுகிறது. 2025 ஜூலையில் 61.2 சென்ட் ஆனது. வித்தியாசம் 41 சென்ட். மேலே பார்த்த 1.80 டாலர் இடைவெளியில் இது கால்பங்குகூட இல்லை.

மீதிக்குக் காரணங்கள் பல. காற்று மாசைக் குறைப்பதற்காக கலிஃபோர்னியா 1996லிருந்து தனக்கென்று ஒரு தனிக் கலவை பெட்ரோலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைத் தயாரிக்கும் ஆலைகள் பெரும்பாலும் அந்த மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. டெக்ஸாஸ், லூசியானா கடற்கரையிலிருக்கும் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு பெட்ரோல் குழாய் கிடையாது. கிழக்கே நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் கலிஃபோர்னியாவிலிருந்து குழாய் போகிறது. எனவே ஒரு ஆலை நின்றால் உடனே ஈடுசெய்ய வழியில்லை, கப்பல் வரவேண்டும். 2015 பிப்ரவரியில் டோரன்ஸ் ஆலையில் வெடிப்பு நடந்ததும் விலை தாவியது இப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸில் இருந்த பிலிப்ஸ் 66 ஆலையும் 2025 இறுதியில் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. இதோடு கார்பன் தொடர்பான திட்டங்களின் செலவும் விலையில் ஏறுகிறது.

இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் விளக்கம் சொல்ல முடியாத ஒரு தொகை மிஞ்சுகிறது என்று பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் செவரின் போரன்ஸ்டீன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். 2015க்குப் பிறகு அது பெரிதானது என்பது அவர் வாதம். நமக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரே ஊருக்குள்ளேயே பங்க்குக்குப் பங்க் விலை மிகவும் மாறும். பெயர்பெற்ற பிராண்ட் பங்க்குகள் கணிசமாகக் கூட்டி விற்கும். டெக்ஸாஸில், பங்க் விலைகளைக் காட்டும் கேஸ்படி செயலியைப் பார்க்காமல் எங்கே போட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை; கலிஃபோர்னியாவில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

மலிவான பெட்ரோல் இன்ஜினைக் கெடுக்குமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. காஸ்ட்கோ உட்பட மலிவாக விற்கும் பலரும் டாப் டியர் என்ற தரத்துக்கு உட்பட்டுத்தான் விற்கிறார்கள். இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் சேர்மானம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கார் நிறுவனங்களே 2004இல் வகுத்த தரம் அது. பம்பில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு பயம் ஆக்டேன் எண் பற்றியது. நம் ஊரில் 91 போட்டவர்கள் இங்கே 87 என்று பார்த்ததும் தரம் குறைவு என்று நினைத்து 91 பொத்தானை அழுத்துகிறார்கள். அளவிடும் முறை வேறு. இங்கத்திய 87 நம் ஊர் 91க்குச் சமம்தான். காரின் கையேட்டில் பிரீமியம் கட்டாயம் என்று இருந்தால் ஒழிய ரெகுலரே போதும். கேலனுக்கு அரை டாலர், சில இடங்களில் அதற்கு மேலும், காரணமில்லாமல் போகிறது என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வந்த முதல் மாதத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது கார்டு விஷயத்தில். பம்பில் கார்டைச் சொருகினால் ஜிப் கோடு கேட்கும். இந்திய வங்கிக் கார்டுக்கு அது கிடையாது, மறுத்துவிடும். பதற வேண்டாம். உள்ளே போய் "பம்ப் நம்பர் நாலு, நாற்பது டாலர்" என்று சொல்லி முன்பணம் கட்டிவிட்டு வந்து போட்டுக்கொள்ளலாம். மிச்சம் இருந்தால் திரும்ப வந்துவிடும். புது டெபிட் கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் 30 டாலருக்குப் போட்டாலும், எவ்வளவு போடுவீர்கள் என்று பம்புக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் 175 டாலர் வரை கணக்கில் பிடித்து வைக்கலாம். பிறகு விடுவித்துவிடுவார்கள், ஆனால் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ ஆகலாம். முதல் சம்பளம் வராத நிலையில், கணக்கில் 200 டாலர் இருக்கும்போது இது பெரிய சங்கடம். கிரெடிட் கார்டு வரும்வரை உள்ளே போய்க் கட்டுவதே நல்லது.

பலகையில் பெரிதாகத் தெரிவது பல இடங்களில் ரொக்கத்துக்கான விலை. கார்டுக்குப் பத்து சென்ட், சில இடங்களில் அதற்கும் மேல் கூடும். 4.59 என்று எழுதி ஓரத்தில் சின்னதாக ஒரு 9 இருந்தால் அதை 4.60 என்றே கணக்கு வையுங்கள். டீசல் குழாய்க்குப் பெரும்பாலும் பச்சை நிறம் என்றாலும் எல்லா பங்கிலும் அப்படி இல்லை. நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

நியூ ஜெர்சிக்கு வருபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1949லிருந்து அங்கே நாமே பெட்ரோல் போடுவது சட்டப்படி தடை. காரை விட்டு இறங்காமல் "ஃபில் அப், ரெகுலர்" என்று சொன்னால் ஊழியர் வந்து போடுவார். ஆரிகனிலும் இப்படித்தான் இருந்தது, 2023 ஆகஸ்டில் தளர்த்திவிட்டார்கள். ஒரு காலத்தில் நியூ ஜெர்சியின் மாநில வரி மிகவும் குறைவு. 2016 நவம்பரில் ஒரேயடியாக 23 சென்ட் ஏற்றினார்கள். அப்படியும் பென்சில்வேனியாவைவிட வரி குறைவுதான், அதனால் டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் நியூ ஜெர்சிக்கு வந்து போட்டுக்கொண்டு போகிறார்கள். நியூ ஜெர்சியின் எடிசனிலேயே பழகிவிட்டு நயாகராவுக்குக் காரில் கிளம்புபவர்கள் போகும் முன் பம்பை இயக்கக் கற்றுக்கொள்ளுங்கள், நியூயார்க் எல்லைக்குள் போனதும் நீங்களே போட வேண்டியிருக்கும்.

மலிவு விலைக்காகச் சுற்றிப் போவது பற்றி: 12 கேலன் டேங்கில் கேலனுக்கு 10 சென்ட் மிச்சம் என்றால் 1.20 டாலர். அதற்காக 5 மைல் போய் 5 மைல் திரும்பினால், 25 மைல் கொடுக்கும் காரில் கலிஃபோர்னியா விலைக்கு 1.84 டாலர் போய்விடும். போகிற வழியில் இருந்தால் மட்டும் போடுங்கள். நெடும்பயணத்தில் கதை வேறு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிராண்ட் கேன்யன் போகும்போது 40ஆம் எண் நெடுஞ்சாலையில் நீடில்ஸ் என்ற எல்லை ஊர் வரும். அங்கே போடாதீர்கள். கொலராடோ ஆற்றைத் தாண்டினால் அரிசோனா. மாநில வரியே 18 சென்ட்தான், விலை சட்டென்று இறங்கும். அதற்கு வெகு முன்பே வரும் பார்ஸ்டோவிலேயே டேங்க் நிலவரத்தைப் பார்த்துத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள், பாலைவனத்தில் துணிந்து ஓட்ட வேண்டாம்.

மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்பவர்களும் ஊரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சியாட்டில் பக்கம் பெட்ரோல் விலை அதிகம், நீர்மின்சாரம் மலிவு. அங்கே நல்ல லாபம். பே ஏரியாவில், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ, சான் ஹோசே சுற்றுவட்டாரத்தில், பெட்ரோலும் அதிகம், மின்சாரமும் அதிகம். அபார்ட்மென்டில் இருந்துகொண்டு பொது சார்ஜரை நம்பினால் எதிர்பார்த்த மிச்சம் வராது. டெக்ஸாஸ் 2023 செப்டம்பரிலிருந்து மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 200 டாலர் தனிக் கட்டணம் வாங்குகிறது. மத்திய அரசு தந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் 2025 செப்டம்பர் 30ஓடு முடிந்துவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்து அதை நம்பிக் கணக்கு போடாதீர்கள்.

டெக்ஸாஸிலும் தென்கிழக்கு மாநிலங்களிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலால் ஹூஸ்டன் ஆலைகள் நின்றபோது டல்லஸில்கூடப் பங்க்குகளில் பெட்ரோல் தீர்ந்தது. 2021 மே மாதம் கிழக்கு மாநிலங்களுக்கு பெட்ரோல் கொண்டுபோகும் கொலோனியல் குழாய் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டு விநியோகம் சில நாள் நின்றதும் வட கரோலினா, ஜார்ஜியா பக்கம் நீண்ட வரிசை. இரண்டிலும் செய்தி கேட்டு எல்லோரும் ஒரே நாளில் ஓடியதும் தட்டுப்பாட்டைக் கூட்டியது. அந்த மாதங்களில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த வரிசையில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை.

எந்த ஊர், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எத்தனை மைல், வாரத்தில் எத்தனை நாள் நேரில் போக வேண்டும், எந்த கார் என்று நான்கையும் கீழே எழுதினால் மாதச் செலவை நானே கணக்கு போட்டுச் சொல்கிறேன்.