ஹைப்போகாஸ்ட்: ‘கீழெரி தளம்’ பொருந்துமா?

> ரோமானியர் குளிப்பகங்களில் தரையைச் சூடாக்கிய அமைப்புக்குக் ‘கீழெரி தளம்’ என்று வைக்கலாமா? கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ என்றால் கீழே. அடுத்த பகுதி எரிதல். ‘தடவறை’ என்று இன்னொன்றும் தோன்றுகிறது.

வேர்ச்சொல்லுக்கு நேராக வருகிறது, ஆனால் பொருள் பிசகுகிறது. தரைக்கு அடியில் விறகு எரிவதில்லை. தீ எரிவது அறைச் சுவருக்கு வெளியே, ஒரு சூளைவாயில். அங்கிருந்து அனலும் புகையும்தான் தரைக்கடியில் ஓடிச் சுவருக்குள் ஏறி வெளியேறுகின்றன. ‘கீழெரி’ என்று படிக்கும் மாணவர் தரைக்குக் கீழே விறகு அடுக்கிப் படம் போடுவார்.

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதை அளவோடு எழுதி வைத்திருக்கிறார். முதலில் ஒன்றரை அடி ஓடுகளைப் பாவிய கீழ்த்தரை. அது சூளைவாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு பந்தை வீசினால் எங்கும் நிற்காமல் தானே உருண்டு வாய்க்கே திரும்பி வரவேண்டும் என்பதுதான் அவர் சொல்லும் சோதனை. சரிவு சரியாக இருந்தால் அனல் தளத்தின் கீழ் எளிதில் பரவும் என்கிறார். அதன்மேல் எட்டு அங்குலச் செங்கற்களை அடுக்கி இரண்டடி உயரக் கால்கள். அவற்றின் தலையில் இரண்டடி ஓடுகள். ரோமானிய அடி ஏறத்தாழ 29.6 செ.மீ. ஆகவே காலுக்குக் கால் நடுவிலிருந்து 59 செ.மீ.; அனல் ஓடும் இடைவெளி 39 செ.மீ. அளவில் அமையும்.

கால்களை அடுக்க மயிர் கலந்து பிசைந்த களிமண் வேண்டும் என்பதும் அவர் குறிப்பு. காரணம் வெளிப்படை: தொடர்ந்த அனலில் சுண்ணச்சாந்து உதிர்ந்துவிடும். சுண்ணாம்புக் கல்லையே காலாக நட்டால் இன்னும் மோசம். வாய்க்கு அருகில் உள்ளவை வெந்து சுட்ட சுண்ணாம்பாகிப் பொடியும். மேல்தளம் விரிசல் விட்டால் புகையோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும். செங்கல் தூள் கலந்த சாந்தைத் தளத்தின்மேல் கனமாகப் பூசியது வலுவுக்கு மட்டுமல்ல, இந்தக் கசிவை அடைக்கவும் சூட்டைப் பிடித்து வைக்கவும்தான்.

> அப்படியானால் தடவறை?

‘தடவு’ அருமையான சொல். நெடுநல்வாடையில் வரும் பகுவாய்த் தடவு அறைக்குள்ளேயே வைக்கும் கணப்புச் சட்டி. ரோமானியரிடமும் அது தனியாக இருந்தது. பொம்பெயி நகரின் மன்றக் குளிப்பகத்தில், இளஞ்சூட்டு அறையில் தரைச்சூடு கிடையாது. பெரிய வெண்கலத் தடவு ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுத்தவர் பெயர் நிகிடியஸ் வாக்குலா. ‘வாக்கா’ என்றால் இலத்தீனில் பசு; பெயரைச் சொல்லாமல் சொல்ல, தடவின்மேல் ஒரு பசு உருவம் வைத்தார். அந்தப் பொருளுக்குத் ‘தடவு’ வேண்டும். இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

என் பரிந்துரை ‘கொடியனல் தளம்’. நம் கொடியடுப்பில் விறகு எரிவது ஒரு குழியில். பக்கத்துக் குழிக்கு அனல் மட்டும் துளை வழியாகப் போய்ப் பாத்திரத்தைச் சூடாக்கும். ஹைப்போகாஸ்டின் தத்துவமும் இதுவேதான்.

> ‘கொடி’ என்றதும் துணிக்கொடியை நினைக்கமாட்டார்களா? சுவர்க் குழாய்களுக்கு என்ன சொல்வது?

‘அனல்’ கூடவே நிற்பதால் குழப்பம் வராது. கொடியடுப்பு என்று கேட்டு யாரும் துணியை நினைப்பதில்லை.

சுவர்க் குழாய்க்குச் ‘சுவர்த்தூம்பு’. தூம்பு என்றால் நீர் மட்டும்தான் என்று கொள்ள வேண்டியதில்லை. ஊதுகுழலுக்கும் அந்தப் பெயர் உண்டு, உள்ளே துளை உள்ளது எதுவும் தூம்பே. இந்த ஓடுகள் செவ்வகப் பெட்டி வடிவில் இருக்கும். பூச்சு பிடிக்கும்படி முகத்தில் சீப்பால் இழுத்த வரிகள் இருக்கும். பக்கவாட்டில் துளை உண்டு. ஒரு வரிசை அடைத்தாலும் அடுத்ததன் வழியாகப் புகை ஏறும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்கா இவற்றைத் தம் காலத்துப் புதுமை என்றே குறிப்பிடுகிறார். இன்னொரு முறை, பின்பக்கம் முலைபோன்ற குமிழ்கள் கொண்ட தட்டையான ஓட்டைச் சுவரில் பதித்து இடைவெளி விடுவது. அது ‘குமிழ் ஓடு’.

எஞ்சியிருப்பது ‘சுஸ்பென்சுரா’, அதாவது கால்கள்மேல் நிற்கும் தளம். ‘தொங்குதளம்’ தவறு, எதிலிருந்தும் தொங்கவில்லை. ‘தாங்குதளம்’ என்றால் தளமே எதையோ தாங்குவதாகும். ‘தூக்குத்தளம்’ என்று வைப்போம். தூக்கிப் பிடித்தல், தூக்கிக் கட்டல் இரண்டும் அதில் அடங்கும், இலத்தீன் சொல்லில் உள்ளதைப் போலவே.